உறுமலும் உபநிடதமும்

'பிளாக் மெட்டல்' வன்னிசையில் நோர்வேயின் 'என்ஸ்லேவ்ட்' குழு, 1994இல் தன் முதல் முழுத் தொகுப்பைப் பெரும்பாலும் ஐஸ்லாந்து மொழியிற் பாடியது. தொல்மரபை மீட்பதே நோக்கு. 1992இல் சிங்கப்பூரில் தோன்றிய 'ருத்ரா' அவ்வழியிற் சென்றும் வேறுபடுகின்றது. வடபுலத்தார் நாடியது வழக்கொழிந்த சமயத்தை. இவர்கள் எடுத்துக்கொண்டதோ இன்றும் பயிலப்படும் வேதாந்தத்தை. 2005இல் வெளிவந்த 'பிரம்மவித்யா' தொகுப்பில் உபநிடதச் சிந்தனை அணியாக அன்றிப் பாடுபொருளாகவே அமைகின்றது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் உறுமிமேளம் கேட்டுப் பழகிய செவிக்கு இதன் முரட்டுத் தாளம் அயலாகத் தோன்றாது. குறை மொழியில்தான். தமிழர் முன்னின்று நடத்தும் குழுவில் ஆங்கிலமும் வடமொழியுமே ஓங்கி ஒலிக்கின்றன. பேயும் போர்க்களமும் நிறைந்த பரணி நம்மிடம் உண்டு. வல்லினம் செறிந்த அதன் நடை இவ்வுறுமற்குரலுக்கு வடமொழியினும் நன்கு பொருந்தும் என்பது எம் துணிபு.