படகிலிருந்து இறங்கும் அந்நியர்

நிகழ்ந்த வரலாற்றைக் கற்பிப்பதற்கே ஆசிரியர்கள் அரும்பாடு படுகின்றோம். எங்குமே நிகழாத வரலாற்றை, எந்த நிலப்படத்திலும் இல்லாத ஒரு நாட்டின் வரலாற்றைப் பிறர்க்குக் கற்பித்து, அதன்மீது அவர்க்கு வேட்கையும் எழச் செய்வதென்றால் அஃது எத்துணை அரிய செயல்! அச்செயலில் ஓரிடத்தில் தவறியும் ஓரிடத்தில் வென்றும் நிற்கின்ற நூல் ஒன்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூல் ஒரு விளையாட்டின் விதிநூலாகும். 1974ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். அவருள் ஒருவர் ஆட்டத் தலைவர். களத்தையும் நிகழ்ச்சியையும் அவர் சொல்லுவார். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தராகி, தாம் செய்வதை வாயால் மொழிவர். ஐயமான இடங்களில் பகடை முடிவு கூறும். சுருங்கச் சொன்னால், பலர் கூடி அமர்ந்து அப்போதைக்கப்போது படைக்கும் நாடகம் இது. அடுத்த ஆண்டிலேயே, 1975இல், 'எம்பயர் ஆப் தி பெட்டல் த்ரோன்' வெளிவந்தது. இதனை இயற்றியவர் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் உருது மொழியும் தெற்காசியவியலும் கற்பித்த பேராசிரியர் எம்.ஏ.ஆர். பார்க்கர். இளமை முதலே அவர் மனத்தில் வளர்த்துவந்த 'டெக்குமெல்' என்னும் உலகமே இதன் களம்.

அவ்வுலகின் வரலாறு நீண்டது. தொலைவான எதிர்காலத்தில் மனிதர் விண்கலங்களில் சென்று அந்தக் கோளில் குடியேறுகின்றனர். பின்னர் ஒரு பேரழிவு நேர்கின்றது; விண்மீன்கள் மறைகின்றன; கோள் தனித்துவிடப்படுகின்றது. அறிவியல் மறந்து, பேரரசுகள் எழுந்து வீழ்ந்து, பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னரே விளையாட்டின் காலம் தொடங்குகின்றது. விதிநூல் இவ்வரலாற்றைத் தொடக்கத்திலேயே தொகுத்துரைக்கின்றது. இங்கேதான் முதற்குறை. அரசுகளின் பெயரும் அரசர்களின் பெயரும் அடுக்கடுக்காக வருகின்றன. புதிதாகப் புனைந்த மொழியின் பெயர்களாதலின் நாவும் தடுமாறுகின்றது. இன்னும் யாரையும் நேசிக்காத ஒருவனுக்கு யார் வீழ்ந்தால் என்ன? பயிற்சி ஆசிரியனாக இருந்த நாளில் முதல் வகுப்பிலேயே கரும்பலகை நிறைய ஆண்டுகளை எழுதிய என்னை இப்பக்கங்கள் நினைவூட்டின. அன்று மாணவர் ஆண்டுகளை எழுதிக்கொண்டனர். வரலாற்றை எடுத்துச் செல்லவில்லை.

ஆயின் அதே நூல், விளையாட்டைத் தொடங்குமிடத்தில் முற்றிலும் வேறொரு முறையைக் கையாளுகின்றது. புதிய ஆட்டக்காரர்கள் அந்நாட்டினர் அல்லர். அயல்நாட்டிலிருந்து சிறு படகொன்றில் ஜக்கல்லாத் துறைமுகத்தில் வந்திறங்கும் அந்நியர். அயலார்க்கென ஒதுக்கிய பகுதியில்தான் அவர்கள் தங்கலாம். ஊர் வழக்கம் அறியாமல் நகருக்குள் திரிந்து, மேலோர் ஒருவரை அவமதித்துவிட்டால் கழுவேற்றமும் நேரலாம். ஆதலின் வேலை கொடுக்கும் புரவலர் ஒருவருக்காகக் காத்திருக்கின்றனர்.

இவ்வுத்தியின் நுட்பம் யாது? ஆட்டக்காரரின் அறியாமையும் கதைமாந்தரின் அறியாமையும் ஒன்றாகிவிடுகின்றன. அறியாமை இங்கே குறையன்று, அதுவே வேடம். இனி, கேட்காமலே சொல்லப்படும் செய்தி இல்லை. யாரை வணங்குவது, எத்தெருவில் நடப்பது என்று அவர்களே வினவுவர். ஏனெனில் விடையில் உயிர் இருக்கின்றது.

நம் தொல்காப்பிய மரபும் இதனை விளங்கிக்கொள்ளத் துணைசெய்யும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும் வகுத்தனர் நம் முன்னோர். ஒரு நிலத்தை நாம் உணர்வது கருப்பொருளால். டெக்குமெல்லில் உலோகம் அரிது. 'க்ளென்' என்னும் விலங்கின் தோலைப் பதப்படுத்திப் படைக்கலம் செய்கின்றனர். சந்தையில் வாளொன்றைக் கையிலெடுக்கும் ஆட்டக்காரர், 'இஃது ஏன் இரும்பில்லை?' என்று கேட்கும் கணத்தில் பல்லாயிரம் ஆண்டு வரலாற்றின் வாயில் திறக்கின்றது. முன்னுரைப் பக்கங்கள் பல செய்யாததை ஒரு தோல்வாள் செய்துவிடுகின்றது.

அங்ஙனமாயின் அந்நீண்ட வரலாறு வீணோ என்று வினவலாம். வீணன்று. ஆட்டத் தலைவர் அதனை அறிந்திருந்தால்தான் எவ்வினாவுக்கும் முரணின்றி விடையிறுக்க இயலும். பத்து அறிந்தவரே ஒன்றைச் செவ்வனே கற்பிப்பார். குறை அறிவதில் இல்லை. அறிந்த அனைத்தையும் முதல் நாளே கொட்டிவிடுவதில்தான் உள்ளது.

அந்நியர் உத்திக்கும் ஓர் எல்லை உண்டு. வெளியிலிருந்து வந்தவனுக்கு அந்நாட்டின் கடமை தெரியலாம், பாசம் தெரியாது. தண்டனைக்கு அஞ்சிக் கற்பவன் வழக்கங்களைக் கற்பானேயன்றி, அவற்றின் பொருளைக் கற்பான் என்பதற்கு உறுதியில்லை. எனவே இது தொடக்கத்திற்கு உரிய முறையேயன்றி முழுமுறையன்று.

மற்றொன்றும் மறைக்காமல் சொல்லவேண்டும். பார்க்கர் 2012இல் மறைந்தார். 1991இல் புனைபெயரில் வெளிவந்த, நாஜிக் கொள்கைக்குச் சார்பான புதினம் ஒன்றை எழுதியவர் அவரே என்பதை, டெக்குமெல் படைப்புகளைப் பேணும் அறக்கட்டளை 2022இல் ஒப்புக்கொண்டது. அந்நியரின் கண்கொண்டு ஓர் உலகைக் காணக் கற்பித்தவர், ஒரு மக்களினத்தையே அந்நியராக்கி வெறுக்கும் நூலையும் எழுதினார். உத்தியின் சிறப்பு இதனால் பொய்யாகிவிடாது. ஆயினும் ஆசானைப் போற்றும் நம் பழக்கத்தை இது நிறுத்தி நிதானிக்கச் செய்கின்றது. வரலாறு கற்பனையே ஆயினும், 'இதனைச் சொல்பவர் யார்?' என்ற வினாவை மாணவர் கேட்கப் பழகவேண்டும்.

கப்பலில் பினாங்குக்கு வந்திறங்கிய முன்னோரின் வழிவந்தவர்கள் நம்முள் பலர். அவர்களுக்கு இந்நாட்டின் வரலாற்றை எவரும் முன்னுரையாகப் படித்துக் காட்டவில்லை. பசித்தபோது உணவின் பெயரையும், வழி தவறியபோது ஊரின் பெயரையும் கேட்டுக் கேட்டே கற்றனர். நம் வகுப்பறையிலும் ஒவ்வொரு பாடத்தின் முதல் நாளில் மாணவன் படகிலிருந்து இறங்கும் அந்நியனே. அவன் கையில் ஆண்டுப் பட்டியலைத் திணிக்கவேண்டா. ஒரு பொருளைக் கொடுப்போம். அவன் வினவும்வரை பொறுப்போம். வினா பிறந்த பின்னரே வரலாறு பிறக்கின்றது.