களத்தில் நின்றவன் சொல்

போரைப் பாடிய புலவர் பலர். போரில் நின்று, தான் பட்டதைத் தானே சொன்ன படைவீரன் அரியன். புறநானூறு முதல் கலிங்கத்துப்பரணி ஈறாகத் தமிழில் களம் பாடிய நூல்களை நோக்கின் இது புலப்படும். மகனைப் போருக்கு அனுப்பிய தாய் பேசுகிறாள். வென்ற வேந்தனைக் கண்ட பாணன் பேசுகிறான். பரணியில் பேய்களும் பேசுகின்றன. நெடுநல்வாடையில் வேந்தன் நள்ளிரவில் உறங்காமல் பாசறையில் புண்பட்ட வீரரைக் காணச் செல்கிறான். அவ்வீரர் பெற்ற புண்ணை நக்கீரர் காட்டுகிறார். அவர் வாய்ச்சொல்லைக் காட்டவில்லை.

இதனைக் குறையெனக் கூறுதல் பொருந்தாது. பண்டைப் புறப்பாடல்களின் நோக்கம் வேறு. ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் எழுதப் படிக்கத் தெரிந்த சாதாரணச் சிப்பாய்கள் தம் போர் அனுபவத்தை எழுதத் தொடங்கியபின், புதியதோர் இலக்கிய வகை பிறந்துவிட்டது. அதனை எவ்வாறு மதிப்பிடுவது? வரலாறு என்று கொள்வதா, இலக்கியம் என்று கொள்வதா? இவ்வினாவிற்கு விடை காண ஜொகூர் மண்ணில் நிகழ்ந்த ஒரு போரே தக்க உரைகல்லாகும்.

மூவார் ஆற்றங்கரையில்

1942 ஜனவரி நடுப்பகுதியில் ஜப்பானிய அரச காவற்படை மூவார் ஆற்றைக் கடந்தது. அங்கு எதிர்நின்றது 45-ஆம் இந்தியக் காலாட்படைப் பிரிகேட். ராஜபுதனத் துப்பாக்கிப்படை, ஜாட் படை, கார்வால் படை ஆகியவற்றின் மூன்று பட்டாலியன்கள் அதில் இருந்தன. அப்படையினர் சிங்கப்பூரில் வந்திறங்கியது ஜனவரி 3-ஆம் நாள். அவர்களுட் பெரும்பாலோர் புதிதாகச் சேர்ந்த இளைஞர், மத்திய கிழக்கிற்கென ஆயத்தம் செய்யப்பட்டவர், காட்டுப்போர் அறியாதவர். மூன்று பட்டாலியன்களின் தலைவர்களும், பிரிகேடியர் டங்கனும் சில நாள்களுக்குள் மாண்டனர். உதவிக்கு வந்த இரண்டு ஆஸ்திரேலியப் பட்டாலியன்களுள் ஒன்றின் தலைவரான ஆண்டர்சன், எஞ்சியோரை நடத்திக்கொண்டு பக்ரியிலிருந்து பாரிட் சூலோங் வரை போரிட்டவாறே பின்வாங்கினார். அங்கே பாலம் பகைவர் கையில் இருந்தது. ஜனவரி 22-இல், நடக்க இயன்றோர் காட்டு வழியே யொங் பெங் நோக்கிச் சென்றனர். நடக்க இயலாதோர் விடப்பட்டனர். ஏறத்தாழ 110 ஆஸ்திரேலியரும் 40 இந்தியரும் சிறைப்பட்டு, அன்றே கொல்லப்பட்டு, எரிக்கப்பட்டனர்.

இப்போரைப் பற்றிப் படைத்தலைவர்கள் எழுதினர். ஆஸ்திரேலிய அரசின் போர் வரலாறு 1957-இல் வெளிவந்தது. அவற்றில் வரைபடமும் கால அட்டவணையும் உண்டு. ஆனால் சேற்றில் படுத்துக்கிடந்தவன் கண்ட போர் அவற்றில் இல்லை.

பீரங்கிப் படைஞன் எழுதிய நூல்

அக்குறையை நிரப்பியவருள் ரசல் பிராடன் குறிப்பிடத்தக்கவர். சிட்னி நகரத்து இளைஞரான இவர் ஆஸ்திரேலியப் பீரங்கிப் படையில் பதவி ஏதுமில்லாத கடைநிலைப் படைஞராக இருந்தவர். ஜொகூரில் போரிட்டுச் சிறைப்பட்டு, கோலாலம்பூர் புடு சிறையையும் சயாம் மரண இரயில் பாதையையும் கண்டு மீண்டவர். 'ஆடையற்ற தீவு' எனப் பொருள்படும் தலைப்பில் 1952-இல் இவர் வெளியிட்ட ஆங்கில நூல் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று.

நூலின் சிறப்பு அதன் குறுகிய பார்வையே எனலாம். மேலிடத்தார் வகுத்த திட்டம் படைஞனுக்குத் தெரியாது. அடுத்த வளைவில் யார் நிற்கிறார் என்பதும் தெரியாது. இவ்வறியாமையை மறைக்காமல் எழுதுமிடத்தெல்லாம் பிராடன் வெல்கிறார். அதிகாரிகளை எள்ளும் நகைச்சுவையும் அவ்வாறே. அச்சத்தை அடக்க இளைஞன் கைக்கொள்ளும் கருவியாக அது அமைகிறது.

அதே நூல் தளர்வதும் உண்டு. முடிவுரையில் ஆசிரியர் தம் பட்டறிவை விட்டு, ஜப்பானியர் நூறாண்டுப் போரை எண்ணியிருந்தனர் என்றும், அதில் சில ஆண்டுகளே கழிந்தன என்றும் எச்சரிக்கை விடுக்கிறார். இக்கருத்தையே 1983-இல் தனி நூலாகவும் விரித்தார். ஒரு பாலத்தருகே கண்டதற்குச் சாட்சி சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. ஓர் இனத்தின் எதிர்காலத்தைக் கணித்துரைக்க அந்த உரிமை போதாது. படைவீரன் எழுதிய நூலைப் படிப்போர் இவ்வெல்லையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

சாட்சியும் அதன் எல்லையும்

இவ்வெல்லைக்கு மற்றொரு சான்று பென் ஹாக்னி என்னும் இளம் லெப்டினன்ட். பாரிட் சூலோங் படுகொலையில் இறந்தவர் போலக் கிடந்து தப்பினார். ஒடிந்த காலுடன் ஊர்ந்து, பல வாரங்கள் மறைந்திருந்து, பின்னர்ப் பிடிபட்டார். அவர் அளித்த சாட்சியத்தாலேயே அக்கொடுமை உலகறிய நின்றது. காயமுற்றோர்க்குத் தண்ணீர் மறுக்கப்பட்டது; குவளைகளை நீட்டுவதுபோல் காட்டிப் படம் எடுத்தபின் நீரைக் கொட்டிவிட்டனர் என்பன அவர் தந்த செய்திகள். படைத்தளபதி நிஷிமுரா 1951-இல் தூக்கிலிடப்பட்டார். ஆயின் கொலைக்கு ஆணையிட்டவர் அவர்தாமா என்பதை 1996-இல் இயன் வார்ட் என்பார் தம் நூலில் வினவினார். இவ்விவாதத்தால் ஹாக்னியின் சொல் பழுதுபடவில்லை. அவர் கண்டது உண்மை. ஆணை எங்கிருந்து புறப்பட்டது என்பது மண்ணில் கிடந்தவர் காணக்கூடியதன்று. இரண்டையும் பிரித்தறிதலே திறனாய்வாளர் கடமை.

மூன்று தாகங்கள்

இங்கே தமிழாசிரியர்க்குப் புறநானூற்றின் 74-ஆம் பாடல் நினைவுக்கு வராமற் போகாது. சோழன் செங்கணானிடம் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, தண்ணீர் கேட்டுக் காலந்தாழ்த்துப் பெற்று, அதனைப் பருகாது உயிர் துறந்தான் என்று அப்பாடலின் அடிக்குறிப்புக் கூறும். அதே பகையை ஒட்டிப் பொய்கையார் பாடியது களவழி நாற்பது என்பது மரபு. அந்நூலில் யானைகளின் வீழ்ச்சியும் குருதிப் பெருக்கும் உவமைகளாய் விரிகின்றன; களம் முழுதும் தெரிகிறது. புறப்பாட்டிலோ களம் இல்லை. ஒரு மனிதனின் நாவறட்சியும் மானமுமே உள்ளன. எனினும் படிப்போர் நெஞ்சில் நிலைப்பது எது என்று கேட்டால், மாணவரும் தயங்காது விடை கூறுவர். அகன்ற பார்வைக்கு இல்லாத ஆற்றல் பட்டவன் சொல்லுக்கு உண்டு.

ஆனால் அப்பாடலில் பேசுபவன் வேந்தன். அவன் தாகம் பாட்டாயிற்று. ஹாக்னி அதிகாரி, அவர் தாகம் சாட்சியமாயிற்று. உடனிருந்த நாற்பது இந்தியச் சிப்பாய்களின் தாகம் என்னவாயிற்று? போர் நூல்களில் அவர்கள் 'ஏறத்தாழ 40 பேர்' என்னும் தொகையாகவே நிற்கின்றனர். தொகைக்கு நா வறளுவதில்லை.

பேசாத பட்டாளம்

இந்தியச் சிப்பாய்க்குச் சொல்லத் தெரியாது என்று முடிவு கட்டுவது தவறு. முதல் உலகப் போரில் பிரான்சிற்குச் சென்ற இந்திய வீரர்களின் கடிதங்கள், தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்து வைத்ததனால் எஞ்சின. டேவிட் ஒமிசி 1999-இல் அவற்றுள் ஒரு பகுதியைத் தொகுத்து வெளியிட்டார். எழுத்தறியாதவர் பிறரைக் கொண்டு எழுதிய கடிதங்களும் அவற்றுள் உண்டு. குளிரும், ஊர் நினைவும், மாண்ட தோழர் பற்றிய துயரும் அவற்றில் குறைவின்றிப் பேசப்படுகின்றன. மூவார் வீரர்க்கோ கப்பலிலிருந்து இறங்கியது முதல் சிதைந்தது வரை மூன்று வாரங்களே கிடைத்தன. பின்னர் சிங்கப்பூர் வீழ்ந்தது. 1942 பிப்ரவரி 17-இல் ஃபேரர் பார்க்கில் இந்தியக் கைதிகள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டபின், அவர்கள் கதை இந்திய தேசிய இராணுவத்தின் கதையோடு கலந்தது. அப்பெரிய கதை எழுதப்பட்டபோது, ஆற்றங்கரையில் நிகழ்ந்த சிறிய கதை மறைந்தது.

எழுதிய பிறரோ அவர்களைப் பயிற்சியற்ற இளைஞர் என்றனர். தளபதி பெர்சிவலும் அப்படைப்பிரிவு போருக்கு அனுப்பத்தக்க நிலையில் இருக்கவில்லை என்றார். இத்தீர்ப்பு உண்மையாகவே இருக்கலாம். அது அனுப்பியவர்மேல் சாற்றப்பட வேண்டிய குற்றமேயன்றி, அனுப்பப்பட்டவர்மேல் அன்று. ஒருவனைப் பற்றிய தீர்ப்பு மட்டும் எஞ்சி, அவன் சொல் எஞ்சாதபோது, படிப்போர் அத்தீர்ப்பையே அவன் வரலாறாகக் கொள்ளும் இடர் நேர்கிறது.

தமிழ்ப் புனைகதை இவ்விடத்தில் ஓரளவு துணைசெய்தது. ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' ஆகிய நாவல்கள் அப்போர்க்காலத் தமிழ் இளைஞரை, இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தோர் உட்பட, உயிருடன் நடமாடவிட்டன. அவற்றின் கலைச்சிறப்பு ஐயத்திற்கு இடமற்றது. எனினும் அவை படைப்பாளியின் கற்பனையிற் பிறந்தவை. களத்தில் நின்றவன் தன் கைப்படத் தந்தவை அல்ல. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

ஆகவே பிராடனின் நூலையோ ஹாக்னியின் சாட்சியத்தையோ படிக்கும் தமிழர், அவற்றில் உள்ளதை மதிப்பதோடு, அவற்றின் ஓரத்தில் பேசாமல் கிடப்போரையும் எண்ணிப் பார்த்தல் தகும். புறநானூற்றின் அப்பாடலை வகுப்பில் நடத்தும் ஆசிரியர், கணைக்கால் இரும்பொறையின் தண்ணீரைப் பற்றிக் கூறியபின், பாரிட் சூலோங் ஆற்றருகே தண்ணீர் கேட்ட நாற்பது பேரைப் பற்றியும் ஒரு சொல் கூறலாம். அவர்கள் தமிழர் அல்லர், வேந்தரும் அல்லர். ஆயினும் புறத்திணை கற்ற மாணவர்க்கு அவர்கள் அயலார் ஆகார்.