ரப்பர் அச்சில் பிறக்கும் மலைகள்

மாதிரி ரயில் கட்டுபவர்கள் எஞ்சினின் ஒவ்வொரு திருகாணியையும் புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள். எந்த ஆண்டில் எந்தப் பெட்டிக்கு எந்த வண்ணம் அடித்தார்கள் என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் பாறைக்கு மட்டும் இந்தக் கறார்த்தனம் கிடைப்பதில்லை. பார்க்கப் பாறை போல இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். இதற்கு வழிவிட்டது ரப்பர் அச்சு. அந்த முறை கொடுத்ததும் பெரிது, கெடுத்ததும் சிறிதல்ல.

செய்முறை எளிது. உண்மையான பாறைத் துண்டு ஒன்றைக் கழுவி, அதன்மேல் திரவ ரப்பர் பாலைப் பல பூச்சுகளாகப் பூசி, நடுவில் வலைத்துணி வைத்து, காய்ந்தபின் உரித்தெடுத்தால் அச்சு தயார். உட்லேண்ட் சீனிக்ஸ் போன்ற நிறுவனங்கள் ஆயத்த அச்சுகளையும் விற்கின்றன. அட்டைப் பட்டைகளைப் பின்னி, பிளாஸ்டரில் தோய்த்த காகிதத்தைப் போர்த்தினால் மலைச்சரிவின் ஓடு கிடைக்கும். அச்சில் ஊற்றிய பிளாஸ்டர் இறுகத் தொடங்கும் நேரம் பார்த்து, அச்சோடு சேர்த்து அந்த ஓட்டில் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஓட்டை முன்பே நனைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், வார்ப்பு ஒட்டாமல் பெயர்ந்துவிடும். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். அந்தச் சூடு கைக்குத் தெரிந்து சற்று நேரம் கழித்து ரப்பரை உரித்தால், கீறலும் வெடிப்புமாகப் பாறைமுகம் வெளிவரும்.

முதல் முறை செய்பவருக்கே இது வாய்ப்பதற்குக் காரணம் பாறையின் இயல்பில் இருக்கிறது. கைப்பிடிக் கல்லின் உடைப்பும் மலைமுகட்டின் உடைப்பும் ஒரே சாயல் கொண்டவை. அதனால்தான் நிலவியலாளர்கள் பாறையைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு சுத்தியலையோ நாணயத்தையோ வைக்கிறார்கள். அது இல்லாவிட்டால் பாறை ஒரு அடியா நூறு அடியா என்று சொல்ல முடியாது. பரவலாகப் புழங்கும் எச்.ஓ. அளவில், அதாவது 1:87 விகிதத்தில், 10 சென்டிமீட்டர் நிலக்கரித் துண்டின் வார்ப்பு ஏறக்குறைய 9 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறையாகிவிடும்.

அப்படியென்றால் உண்மைக் கல்லையே வைத்துவிடலாமே என்று தோன்றும். பல சமயம் அது பொய்யாகவே தெரியும். கருங்கல்லில் உள்ள 2 மில்லிமீட்டர் படிகம் அந்த உலகத்தில் 17 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. பிளாஸ்டர் வார்ப்பு கல்லின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, மணிகளின் பளபளப்பையும் நிறத்தையும் விட்டுவிடுகிறது. நிறத்தை நாம் கொடுத்துக்கொள்ளலாம். நீர்த்த மஞ்சள் காவியையும் பழுப்பையும் ஆங்காங்கே சிறுத்தைப் புள்ளிகளாகத் தொட்டு, மேலே மிக நீர்த்த கறுப்பை ஓடவிட்டால், வெடிப்புகளில் நிழல் தானாகச் சேர்கிறது. இந்த அளவுக்கு அச்சுமுறையைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

கெடுதல் இரண்டாவது வார்ப்பில் தொடங்குகிறது. ஒரே அச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே ஒவ்வொரு முறையும் அச்சைத் திருப்பி வை என்பது வழக்கமான அறிவுரை. திரும்பத் தெரிவது மறைகிறது, உண்மைதான். கூடவே மலையின் உள்ளமைப்பும் சிதைகிறது. படிவுப் பாறை அடுக்கடுக்காக உருவானது. கிராண்ட் கேன்யனில் ஒரே அடுக்கைக் கண்ணுக்கெட்டும் தூரம்வரை பின்தொடரலாம்; கெட்டியான சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் செங்குத்தாக நிற்க, மெத்தென்ற களிப்பாறை சரிவாகத் தேய்ந்திருக்கும். அந்த நிலத்தைச் செய்ய முனைந்து, ஒரு துண்டில் அடுக்கு கிடையாகவும் அடுத்ததில் சாய்வாகவும் பக்கத்தில் நெட்டாகவும் ஓடவிட்டால், ஒவ்வொரு துண்டும் அசல், மொத்த மலை பொய். காரணம் சொல்லத் தெரியாத பார்வையாளருக்கும் அது உறுத்தும்.

இன்னொன்று, ரயில் வரும் முன்பே மலை அங்கே இருந்தது என்பது மறந்துபோவது. பாதைக்காக வெடிவைத்துப் பிளந்த பாறைமுகத்தில் துளையிட்ட தடங்கள் நெட்டுவாக்கில் நிற்கும், நிறமும் புதிதாக இருக்கும். அதற்கு மேலே இயற்கையாக நிற்கும் பாறை வெயிலிலும் மழையிலும் கறுத்திருக்கும். இரண்டுக்கும் ஒரே அச்சு, ஒரே சாயம் என்றால் பாதை போட்ட மனித உழைப்பே காட்சியிலிருந்து அழிந்துபோகிறது. பாறையடியில் உதிர்ந்து குவியும் கற்சரிவையும் பலர் விட்டுவிடுகிறார்கள். உதிராத பாறைமுகம் அரிது.

மாற்றுவழி கையால் செதுக்குவது. ஹாம்பர்க்கின் மினியாட்டூர் வுண்டர்லாந்து என்ற மாதிரி ரயில் கண்காட்சியில், 2007-இல் திறந்த சுவிஸ் பகுதியில் இப்படிச் செதுக்கிய மலைகள் இரண்டு தளங்களை ஊடுருவி ஏறக்குறைய 6 மீட்டர் எழுகின்றன. உண்மையான சுவிட்சர்லாந்திலோ செர்மாட் ஊரிலிருந்து மேட்டர்ஹார்ன் மலையின் உச்சிவரை ஏறத்தாழ 2,870 மீட்டர். 1:87-இல் அதற்கு 33 மீட்டர் வேண்டும். ஆக, உயரம் சுருங்குவது குற்றமல்ல. எந்தக் கட்டடத்திலும் அது சுருங்கியே தீரும். மலைக்கு மலைத்தன்மை தருவது, வெடிப்புகள் ஒரே திசையில் ஓடும் ஒழுங்குதான். ஆனால் செதுக்குவதும் தன்னால் உண்மையாகிவிடாது. புகைப்படம் பார்க்காமல் செதுக்குபவரின் கத்தி ஒரே ஆழத்தில் ஒரே இடைவெளியில் கீறிக்கொண்டே போகும். அதைவிட அச்சே மேல்.

வார்ப்பைக் கச்சாப் பொருளாக எடுத்துக்கொள்வதே சரி என்பது என் தீர்ப்பு. அச்சைத் திருப்பாமல் ஒரே திசையில் வைத்து, பிளாஸ்டர் முழுதும் காயுமுன் துண்டுகள் சேரும் இடங்களைச் செதுக்கி அடுக்கையும் வெடிப்பையும் தொடரவிட்டால் இரண்டு முறைகளின் பலனும் கிடைக்கும்.

நம்மவர் யாராவது 1899-இல் ரயில் ஓடத் தொடங்கிய மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையை மேசைமேல் கட்ட நினைத்தால் இது இன்னும் முக்கியம். நீலகிரி, சார்னகைட் என்னும் பாறையால் ஆனது; படிவு அடுக்கு அதற்கு இல்லை. அடுக்குப் பாறைக்காகச் செய்த அச்சு எதுவும் அங்கே பொருந்தாது. அச்சு வாங்கும் முன் அந்தப் பாதையின் வெட்டுமுகங்களை நின்று பாருங்கள், பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திப் படம் எடுங்கள், அதன்பிறகு பிளாஸ்டர் கரையுங்கள்.