ஜீவாவின் பாடல்கள்: மதிப்பீட்டின் அடிப்படை பற்றிச் சில குறிப்புகள்

ப. ஜீவானந்தத்தின் (1907–1963) பாடல்களை 'வெறும் கோஷம்' என்று ஒதுக்குவோர் ஒருபுறம். அவற்றின் கருத்துக்காகவே போற்றுவோர் மறுபுறம். உருவத்தையும் உள்ளடக்கத்தையும் பிரித்து நோக்கும் தவறு இரு சாராருக்கும் பொதுவானது.

பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா பல்கலைக்கழகம் புகுந்தவரல்லர். சிராவயல் ஆசிரமம், சுயமரியாதை இயக்கம், சிறைக்கூடம், தொழிற்சங்கம் ஆகியனவே அவர் கற்ற இடங்கள். 1937இல் தொடங்கிய 'ஜனசக்தி'யும் 1952இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஒலித்த குரலும் அக்கல்வியின் தொடர்ச்சியே. கிரெனடாவின் மரிஷோவும் (1887–1958) பத்திரிகை அலுவலகத்தில் கற்றே கவிஞராகவும் அரசியல்வாதியாகவும் உயர்ந்தவர். குடியேற்ற நாடுகளில் இத்தகையோர் தோன்றியது தற்செயலன்று; உயர்கல்வி சிலரின் உடைமையாக இருந்தவிடத்து, அச்சுக்கூடமும் மேடையுமே ஏனையோரின் கல்விக்கூடங்களாயின.

ஆலைத் தொழிலாளரின் பசியைப் பேசும் ஜீவாவின் பாடல்கள் தனிமையில் வாசிப்பதற்கெனப் பிறந்தவையல்ல. கூட்டத்திலே பாடுவதற்கெனப் பிறந்தவை. அல்லைப்பிட்டி முதலிய தீவகக் கரையூர்களில் வலையிழுப்போர் பாடும் அம்பாவை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் எடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஏற்றுப் பாட, சொல் உழைப்பின் அசைவோடு இணைகிறது. அம்பாவிலே இருண்மையைத் தேடுவார் உளரா? திரும்பத் திரும்ப வரும் சொல் அங்கே குறையன்று, செயற்பாடு. ஜீவாவின் பாடல்களுக்கும் இவ்வளவுகோலே பொருந்தும். எனினும் மெட்டு நீங்கியபின் சில பாடல்கள் தளர்ந்துவிடுகின்றன என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

கம்பனைத் தீயிடவேண்டும் என்ற குரல் எழுந்த காலத்திலே, மரபைத் தொழிலாளி வர்க்கம் கைவிடலாகாது என வாதிட்டமை அவரது பெரும் பங்களிப்பு. ஆயினும் கம்பனைச் சோழப் பேரரசுக்காலச் சமூக உறவுகளுள் வைத்து ஆராயும் பணி அவரிடம் முழுமை பெறவில்லை. மேடை, கேட்போரை உடன்படச் செய்யும். ஆய்வு, உடன்பாட்டையும் ஐயுறும். பண்டை இலக்கியத்தைச் சமூகப் பின்னணியில் வைத்து நோக்கும் முறையைப் பின்னர் கைலாசபதி வளர்த்தெடுத்தார்.

1948இல் கம்யூனிஸ்ட் கட்சிக்கெதிரான அடக்குமுறையின்போது ஜீவா யாழ்ப்பாணத்தில் தலைமறைவாயிருந்தார். அத்தொடர்பின் பயனாகவே டொமினிக் தம் பெயருடன் 'ஜீவா' என்பதை இணைத்துக்கொண்டார். சிகை அலங்கரிப்பு நிலையத்திலே தொழில் செய்தவர், 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். சாதியால் கல்வி மறுக்கப்பட்ட ஒருவர் தாமே கற்ற இன்னொருவரிடமிருந்து பெற்றது எழுத்து நடையன்று; எழுதும் உரிமை பற்றிய துணிவு. ஜீவாவின் செல்வாக்கை அவருடைய யாப்பிலே மட்டும் தேடும் நம் ஆய்வுகளுக்கு இது அகப்படுவதில்லை.