நீல எழுத்து எங்கே போகிறது?

சங்கிலிப் படம் போட்ட ஒரு சின்னப் பொத்தான். வலைப்பக்கம் தயாரிக்கும் எந்த மென்பொருளைத் திறந்தாலும் மேல் வரிசையில் இருக்கும். வார்த்தையைத் தேர்ந்தெடுத்து, பொத்தானைத் தட்டி, முகவரியை ஒட்டினால் வார்த்தை நீலமாகி அடிக்கோடும் போட்டுக்கொள்ளும். மொத்த வேலையும் சில விநாடிதான். இதற்கெல்லாமா விமரிசனம் என்று கேட்காதீர்கள். கவிதைக்கும் சினிமாவுக்கும் வாராவாரம் எழுதுகிறோம். கோடிக்கணக்கான பேர் தினம் தட்டுகிற பொத்தானுக்கும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

முதலில் பெயர்க் குழப்பம். ஹைப்பர்லிங்க் என்பதற்குத் தமிழில் மீயிணைப்பு, தொடுப்பு, சுட்டி என்று பல பெயர்கள். சுட்டிதான் எனக்குப் பிடிக்கும். ஆனால் மவுஸையும் சிலர் சுட்டி என்கிறார்கள். வீட்டில் அடங்காத பிள்ளையையும் அப்படித்தான் சொல்கிறோம். சில இணைப்புகள் நடந்துகொள்வதைப் பார்த்தால் மூன்றாவது அர்த்தமே சரி என்று தோன்றும்.

இந்தப் பொத்தான் பிற்பாடு வந்த சொகுசு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ல் செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் எழுதிய முதல் பிரவுசரிலேயே பக்கத்தைப் படிக்கவும் முடியும், திருத்தவும் முடியும். வார்த்தையைத் தேர்ந்தெடுத்து மெனுவிலிருந்தே இணைப்புக் கொடுக்கலாம். வலை என்பது படிக்கிற இடம் மட்டுமல்ல, எழுதுகிற இடமும்தான் என்பது அவர் எண்ணம். 1993-ல் மொசைக் வந்தது, உலகமே பார்த்தது. ஆனால் அதில் பக்கத்தைத் திருத்தும் வசதி கிடையாது. வாசகன் வாசகனாகவே உட்காரவைக்கப்பட்டான். எழுத வேண்டுமானால் கோண அடைப்புக்குறி, ஹெச்-ரெஃப், சமக்குறி, மேற்கோள் குறி என்று மந்திரம் கற்றாக வேண்டும். ஒரு குறி விட்டுப்போனால் பாதிப் பக்கம் நீலமாகிவிடும்.

அப்புறம்தான் ஃப்ரண்ட்பேஜ், டிரீம்வீவர் வகையறா. மந்திரம் தெரியாதவர்களும் பக்கம் போட்டார்கள். விக்கிபீடியா இந்த வசதிக்கு 2013-ல்தான் வந்தது. ஆங்கிலப் பதிப்பில் ஜூலையில் எல்லோருக்கும் திறந்துவிட்டு, பழைய தொகுப்பாளர்கள் போட்ட சத்தத்தில் செப்டம்பரில் விரும்பினால் மட்டும் என்று பின்வாங்கினார்கள். குறியீடு தெரிந்தவர்களுக்கு அது தெரியாதவர்கள் உள்ளே வருவதில் எப்போதுமே கொஞ்சம் சங்கடம் உண்டு. நான் தெரியாதவர்கள் கட்சி. ஆனாலும் பொத்தானிடம் எனக்கு மூன்று புகார்கள்.

ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டத்தை அடுத்த கடற்கரை ஊர் கடியப்பட்டணம். வள்ளியாறு கடலில் சேருகிற பகுதி. அந்த ஊர்ப் பையன் ஒருவன் தன் ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். 'முட்டத்துக்கு அடுத்த ஊர்' என்று தொடங்கி, முட்டத்தைத் தேர்ந்தெடுத்துச் சங்கிலியைத் தட்டுகிறான். பெட்டி சில பெயர்களைக் காட்டுகிறது. முதலில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கிறான். வார்த்தை நீலமாகிறது, பையன் திருப்தியாகிறான். கேரளத்தில் இடுக்கி மாவட்டத்தில் ஒரு முட்டம் இருக்கிறது. கொச்சி மெட்ரோவில் ஒரு முட்டம் ஸ்டேஷன் இருக்கிறது. நீலத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தப்பான இணைப்பும் சரியான இணைப்பும் ஒரே நிறம். "எலே மக்கா, இது நம்ம முட்டம் இல்லேல்லா?" என்று யாராவது சொல்லும்வரை அப்படியே கிடக்கும். குறியீட்டில் எழுதினால் முகவரி கண்ணெதிரே நிற்கும். பொத்தான் அதை மூடிவிடுகிறது. இது முதல் புகார். பரிகாரம் சுலபம்: சேமித்ததும் ஒரு தடவை நாமே தட்டிப் பார்ப்பது. தன் சி டிரைவில் இருக்கும் படத்துக்கே இணைப்புக் கொடுத்துவிட்டு, 'எனக்குத் திறக்குதே சார்' என்று சொல்கிறவர்களும் வேறு கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தால் போதும்.

இரண்டாவது புகார் தமிழுக்கே உரியது. ஊரின் பெயரைக் கடியப்பட்டணம் என்பார்கள், கடியபட்டணம் என்பார்கள், கடியப்பட்டினம் என்பார்கள். மனிதனுக்கு மூன்றும் ஒன்று, மெஷினுக்கு மூன்று ஊர். விக்கிபீடியாவில் வழிமாற்று என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. எப்படி எழுதினாலும் ஒரே பக்கத்தில் கொண்டு விடும். ஆனால் யாராவது ஒருவர் உட்கார்ந்து அதைச் செய்துவைக்க வேண்டும். அதோடு, முகவரியை நகலெடுத்து ஒட்டினால் தமிழ் பல இடங்களில் உருத்தெரியாமல் போகிறது. கடியப்பட்டணம் நமக்கு 9 எழுத்து, யூனிகோடில் 13 குறியீடு. ஒவ்வொன்றும் யூ.டி.எஃப்-8-ல் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். பெருக்கிப் பாருங்கள், 117. ஊர்ப் பெயர் எறும்பு வரிசையாகிவிடுகிறது. அதைப் பார்த்து எந்த ஊர் என்று யாரால் சொல்ல முடியும்?

மூன்றாவது புகார் பொத்தான் மீதல்ல, தட்டுகிறவர் மீது. 'மேலும் அறிய இங்கே கிளிக் செய்யவும்' என்று எழுதி, 'இங்கே'யை நீலமாக்குகிறோம். அ, இ, உ சுட்டெழுத்து என்று பள்ளியில் படித்தோம். விரல் நீட்டாமல் சுட்டுச் சொல்லுக்குப் பொருளில்லை. பார்வையற்றவர்கள் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் கொண்டு வலையைக் கேட்கிறார்கள். என்.வி.டி.ஏ. போன்றவற்றில் பக்கத்தின் இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்கலாம். நம் பக்கங்களில் அவர்களுக்குக் கிடைப்பது 'இங்கே, இங்கே, இங்கே.' எங்கே? வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி இப்படி எழுதாதீர்கள் என்று 2001-லேயே சொல்லியாயிற்று.

இது வெறும் இலக்கண விவகாரம் இல்லை. 2017 நவம்பர் 30 காலையில் குமரிக் கடலில் ஒக்கி புயலாக மாறியபோது எத்தனையோ பேர் கடலுக்குப் போயிருந்தார்கள். திரும்பாதவர்கள் உண்டு. கடற்கரை வீடுகளில் இன்று வானிலையைப் பார்க்க மொபைலைத்தான் எடுக்கிறார்கள். அங்கே 'எச்சரிக்கைக்கு இங்கே' என்று ஒரு நீலம் இருந்தால், அது இன்றைய எச்சரிக்கையா, போன மாசத்து பி.டி.எஃபா? திறந்தபின்தான் தெரியும். அதுவும் சிக்னல் இருந்தால். 'தென் தமிழகக் கடற்கரை, மீனவர் எச்சரிக்கை' என்று எழுதித் தேதியும் போட்டால், தட்டாமலே பாதி விஷயம் வந்துவிடும்.

இணைப்பு செத்துப்போகும் என்பதும் ஒரு காரணம். 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் 2023-ல் திறக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் கணக்குச் சொன்னது. முகவரி போனபின் மிஞ்சுவது நாம் நீலமாக்கிய வார்த்தைகள் மட்டும்தான். அதில் பெயரும் தேதியும் இருந்தால் தேடியாவது பிடிக்கலாம். 'இங்கே' என்று இருந்தால் எதைத் தேடுவது?

உ.வே.சாமிநாதையர் 1937-ல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பில் ஒப்புமைப் பகுதி என்று ஒன்று உண்டு. இந்தத் தொடர் வேறு எந்த நூலில், எந்த இடத்தில் வருகிறது என்று காட்டிக்கொண்டே போவார். பொத்தான் இல்லாத ஹைப்பர்லிங்க். அவற்றில் ஒன்றுகூட இதுவரை அறுந்துபோகவில்லை. காரணம், அவர் நூலின் பெயரையும் பாட்டின் எண்ணையும் கொடுத்தார். எந்த அலமாரியில் இருக்கிறது என்று எழுதவில்லை. எந்தப் பதிப்பை எடுத்தாலும் இடம் கிடைக்கும். நம் பொத்தான் அலமாரியை மட்டும் கேட்கிறது. பெயரை எழுதுவது நம் பொறுப்பு.

ஆகவே சங்கிலியைத் தட்டுமுன் ஒரு சின்னப் பரீட்சை. நீல வார்த்தைகளை மட்டும் தனியே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எது எங்கே போகிறது என்று அந்தத் தாளைப் பார்த்தே உங்கள் பாட்டிக்குப் புரிந்தால் பாஸ்.