தள்ளி நின்று டிக்கெட் எடு

டிசைன் பேச்சு பெரும்பாலும் டான் நார்மனின் 1988 புத்தகத்தில் போய் நிற்கும்: பயனர் தடுமாறினால் குற்றம் வடிவமைப்பின் மேல். சிட்லபாக்கத்துக்காரனான எனக்கு அது பாதி உண்மைதான்.

2015 ஏப்ரலில் எழும்பூர்-தாம்பரம் தடத்தில் யூடிஎஸ் செயலியின் காகிதமில்லா டிக்கெட் வந்தது. தண்டவாளத்தை ஒட்டி நின்றால் எடுக்க முடியாது, தள்ளிப் போகணும். செக்கரைப் பார்த்தபிறகு டிக்கெட் எடுப்பவர்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. தவறிப்போய் வந்த தடுமாற்றமல்ல, தெரிந்தே போட்ட முட்டுக்கட்டை.

சரி, குரோம்பேட்டை பிளாட்பாரத்திலிருந்து திரும்ப வெளியே ஓடுவது யார்? டிக்கெட் எடுக்க நினைப்பவர். எடுக்காதவர் பாட்டுக்கு வண்டியில் ஏறிவிடுவார். பிறகு ஸ்டேஷனிலேயே கியூஆர் குறியீடு ஒட்டினார்கள், ஓட்டம் குறைந்தது.

நான் உட்கார்ந்து எழுதியிருந்தாலும் முதலில் அந்த விதியைத்தான் எழுதியிருப்பேன். நஷ்டக் கணக்கு மீட்டிங்குக்கு வந்துவிடும். ஓடுகிறவரின் மூச்சிரைப்பு வராது.