‘ஜமீலா’வில் சொல்லப்பட்டதும் சொல்லப்படாததும்

மாஸ்கோவில் தமிழில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வழியே குறைந்த விலைக்குத் தமிழகம் வந்த நூல்களுள் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘ஜமீலா’ சிறப்பிடம் பெற்றது. 1958இல் வெளிவந்த இக்குறுநாவலைச் சோவியத்து வாழ்வின் நேர்ச்சான்றாகக் கொண்டாரும் உளர். அரசின் பரப்புரை என ஒதுக்கினாரும் உளர். இவ்விரு முடிபுகளும் நூலை நுணுகி நோக்காதார் கொண்டவை என்பது நம் கருத்து.

கதை கிர்கீசியச் சிற்றூர் ஒன்றில் போர்க்காலத்தில் நிகழ்வது. ஆடவர் போர்முனை சென்றமையால், கூட்டுப்பண்ணைத் தானியத்தை இரயில் நிலையம் சேர்க்கும் வண்டியை ஜமீலா ஓட்டுகிறாள். போர்முனையிலிருந்து கணவன் விடுக்கும் மடல் வீட்டார் அனைவரையும் முறையே வாழ்த்தி, இறுதியில் ஒரு சொல்லால் அவளை நினைகிறது. பசுமலையைச் சூழ்ந்த மதுரைச் சமவெளியில் நெல்வண்டிகளையும், மனைவி பெயரை வெளிப்பட எழுத நாணிய மடல்களையும் அறிந்த வாசகர்க்கு இவ்வாழ்வு அயலதன்று. முடிவில் ஜமீலா தானியாருடன் ஊர் நீங்குவது நம் அகமரபின் உடன்போக்கை நினைவூட்டும். ஆயினும் அவள் பிறன் மனைவியாதலின் அம்மரபுள் அடங்காள்.

இந்நூலில் அரசு எங்கே உளது? பண்ணைத் தலைவனின் ஏவலிலும், சுமக்கும் மூட்டையிலும் உளது. அச்சமாக யாண்டும் இல்லை. ஆசிரியரின் தந்தை தொரேகுல் 1937இல் கைதாகி, 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எலும்புகள் பிஷ்கெக் நகருக்கு அருகே சொங்-தாஷில் 1991இல்தான் கண்டெடுக்கப்பட்டன. இருபதாண்டு முன்னர் நேர்ந்த இவ்விழப்பின் சுவடு 1958ஆம் ஆண்டுக் கதையில் இல்லை.

தொல்காப்பியர் கூறும் இறைச்சியைத் துணைக்கொண்டு, தானியாரின் மௌனத்துள் தந்தையின் மறைவைக் காணலாமோ எனின், காணலாகாது என்போம். இறைச்சி நூலிலுள்ள பொருளின் புறத்தே தோன்றுவது. வரலாற்றிலிருந்து கொணர்ந்து நூலுள் நாம் திணிப்பது அன்று.

எனினும் 1980இல் அதே ஆசிரியர் எழுதிய ‘நூற்றாண்டினும் நீண்ட நாள்’ வேறு சான்று தருகிறது. அதில் அபுதாலிப் என்னும் ஆசிரியன் தன் மக்கட்காக நினைவுகளை எழுதி வைத்தமையால் கைதாகிறான். தலையிற் பச்சைத் தோலிட்டு வெயிலிற் காயவிட, நினைவிழந்து தாயையும் அறியாத அடிமையாகும் மான்குர்த் கதையும் அதனுள் அமைந்துள்ளது. நினைவைக் காப்பதே குற்றமாகும் வாழ்வை இந்நூல் வெளிப்படக் கூறுகிறது.

எனவே ‘ஜமீலா’ பொய்யன்று, முழுமையும் அன்று. வண்டியும் மடலும் காதலும் அவ்வாட்சியிலும் மெய்யாகவே இருந்தன. அவற்றோடு, பேசலாகாத இழப்பும் அதே வீடுகளில் இருந்தது. மொழிபெயர்ப்பு நூல்களைப் பாடமாக வைக்குங்கால், அவை எவ்வாட்சியில், எவ்வாண்டில், எவர் இசைவால் அச்சேறின என்பதையும் உடன் கற்பித்தல் வேண்டும். அவ்வாறு கற்ற மாணவரே சொல்லப்பட்டதைச் சுவைத்து, சொல்லப்படாததை மறவாதவர் ஆவர்.